ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவோருக்காக: பினாங்கு நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநில அரசுக்கும், பினாங்குத் தீவு மாநகராண்மைக் கழகத்துக்கும், கொடிமலைக் (பினாங்கு ஹில்) கழகத்துக்கும், மாநில வனத்துறைக்கும், தேசியப் பூங்காவை நிர்வகிக்கும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறைக்கும், ரேபிட் பினாங்கு பேருந்து நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

ஒரே மடலை இத்தனை அலுவலகங்களுக்கு முகவரியிட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ்டவுனில் வசிக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறையான ஜெட்டியில் 10ஆம் எண் பேருந்தில் ஏறி, ஜாலான் கெபுன் பூங்காவில் இறங்கி, சாலையோரத்து வட்டவாசல் வழியாகக் காட்டுக்குள் நுழைந்து, கொடிமலை உச்சிவரை நடந்து, மறுபக்கம் ஆயர் ஈத்தாமில் இறங்கி, 204ஆம் எண் பேருந்தில் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை நாளுக்குள் அவர் மாநகராண்மைக் கழகத்தின் சாலை, வனத்துறையின் காடு, கொடிமலைக் கழகத்தின் உச்சி, கூட்டரசு நிறுவனமான பிரசரானாவின் பேருந்து என்று வெவ்வேறு நிர்வாகங்களின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார். அவருக்கு அது ஒரே பயணமாக இருக்க, உங்கள் அலுவலகங்களில் அது தனித்தனிக் கோப்புகளாக இருக்கிறது. அந்தக் கோப்புகளை ஒரு மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பேருந்தில் போய் மலையேறுவது கார் இல்லாதவர்களின் வழி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. மலைப்பாதைகளைப் பொறுத்தவரை அது சரியான எண்ணம் அன்று. காரில் வருபவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குத்தான் மேய முடியும். பேருந்தில் வருபவருக்கு அந்தக் கயிறு இல்லை. அவர் தீவின் கிழக்குச் சரிவில் ஏறித் தெற்குச் சரிவில் இறங்கலாம். ஏறியபோது பார்த்த மரங்களை இறங்கும்போது மீண்டும் பார்க்க வேண்டியதில்லை. பினாங்குத் தீவு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. நடுவில் மலைத்தொடர், அதைச் சுற்றி ஊர்கள், அந்த ஊர்களை இணைத்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துகள். கோலாலம்பூரிலிருந்து வரும் நண்பர்கள் நம்மிடம் பொறாமைப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று என்பதை, சற்றுப் பெருமையோடேதான், குறிப்பிடுகிறேன்.

10ஆம் எண் பேருந்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் மக்களுக்கு மிகவும் பழக்கமான சாலையில் ஓடுகிறது. தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளும், 1857இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும், 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் கோயில் படிகளை ஏறி இறங்கிவிட்டு, பூங்காவின் நாகலிங்க மரங்களுக்கடியில் நடந்து முடித்து, பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர்களை அந்தச் சாலையில் பார்க்கலாம். கைத்தடியும், தோளில் ஒரு துண்டும், பழைய தண்ணீர் போத்தலும்தான் அவர்களுடைய மலையேற்றக் கருவிகள். இவர்களில் பலர் கார் ஓட்டும் வயதைத் தாண்டியவர்கள். இவர்களுக்கு 10ஆம் எண் பேருந்து வசதிக்காக இருக்கும் ஒன்றன்று. அது வராவிட்டால் மலை இல்லை.

வட்டவாசல், தாவரவியல் பூங்காவின் நுழைவாயிலுக்குச் சில நூறு மீட்டர் முன்பே சாலையின் ஓரத்தில் இருக்கிறது. பழைய மதிலில் முழுவட்டமாகத் திறந்திருக்கும் வாசல். அதைத் தாண்டினால் உடனே படிகளும் மரவேர்களுமாக ஏற்றம் தொடங்கிவிடுகிறது. முதல் முறை வருபவர் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு, வந்த வழியே வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பேருந்துக்குள் ஓர் அறிவிப்பும், நிறுத்தப் பலகையில் பாதையின் பெயரும் இருந்தால் இது நடக்காது. ஜார்ஜ்டவுன் தெருக்களுக்குப் பல மொழிகளில் பெயர்ப்பலகை வைத்த மாநிலம் நம்முடையது. ஒரு நிறுத்தத்தில் அங்கிருந்து எந்த மலைப்பாதை தொடங்குகிறது என்று எழுதி வைப்பது அந்த மாநிலத்துக்கு அரிய வேலையாக இருக்க முடியாது.

இதைவிட முக்கியமானது இறங்கும் பக்கம். மலையேறிகளுக்கான பலகைகள் பெரும்பாலும் உச்சியை நோக்கித்தான் கை காட்டுகின்றன. வீட்டுக்குப் போகும் வழியை அவை சொல்வதில்லை. ஸ்டேஷன் 5 என்று மலையேறிகள் அழைக்கும் இளைப்பாறும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து 84ஆம் எண் தேநீர்க் கொட்டகைவரை ஏறியவர், அங்கே தன்னார்வலர்கள் வைத்திருக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. ஜீப் சாலையில் பூங்காவுக்கே இறங்குவதா, உச்சிக்குப் போய் மலை ரயிலில் ஒரு வழிச் சீட்டு வாங்கி ஆயர் ஈத்தாமுக்கு இறங்குவதா, அல்லது பாரம்பரியப் பாதை வழியாக நடந்தே இறங்குவதா? இந்த முடிவுக்கு அவருக்குத் தேவைப்படும் தகவல் எளிமையானது: ஒவ்வொரு வழியின் முடிவிலும் எந்த எண் பேருந்து நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, கடைசிப் பேருந்து எப்போது. அந்த இடத்தில் ஒரு சிறு பலகை போதும். பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பேருந்து நிறுவனத்தின் பல்ஸ் செயலியில் பார்க்க முடிகிறது என்பது உண்மைதான், அதற்கு நன்றி. ஆனால் காட்டுக்குள் அலைபேசிக்கு எல்லா இடத்திலும் தொடர்பு கிடைப்பதில்லை. நான் மேலே குறிப்பிட்ட பெரியவர்களில் பலரிடம் அத்தகைய அலைபேசியும் இல்லை.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தீவில் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. மாலை ஏழரையை ஒட்டி மறைந்துவிடுகிறது. மரங்கள் மூடிய சரிவில் இருட்டு அதற்கு அரைமணி நேரம் முன்பே வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் உச்சியைத் தொட விரும்புபவர்கள் விடியும்போதே பாதையின் தொடக்கத்தில் நிற்க வேண்டும். பிற்பகல் மழைக்கு முன் இறங்கிவிடவும் அதுவே வழி. எனவே மலையேறிகளுக்குப் பயன்படும் பேருந்து அலுவலக நேரத்துப் பேருந்து அன்று. அவர்களுக்கு வார இறுதியில் விடியற்காலையில் ஒன்றிரண்டு பேருந்துகளும், முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையில், களைத்து இறங்கும் நேரத்தில், நம்பிக்கையான இடைவெளியில் வரும் பேருந்துகளும் தேவை. மொத்தப் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓட்டுநர்கள் பற்றாக்குறை எல்லாப் பேருந்து நிறுவனங்களுக்கும் இருக்கும் சிக்கல் என்பதை அறிவேன். வார நாள் அட்டவணையையே சனி, ஞாயிறுக்கும் நீட்டிக்காமல், இருக்கும் பேருந்துகளை இந்த மணிகளுக்கு நகர்த்திப் பாருங்கள் என்கிறேன்.

ஓர் அம்சத்தில் பேருந்து நிர்வாகத்தைப் பாராட்டவும் வேண்டும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் போகும் 101ஆம் எண் பேருந்து, தீவின் நீண்ட கடற்கரைச் சாலை முழுவதையும் கடந்து, தேசியப் பூங்காவின் பக்கத்துக்கே மக்களைக் கொண்டுசேர்க்கிறது. 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்கா, நிலமும் கடலுமாக ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் பரப்புள்ளது. பந்தாய் கெராச்சுட்டில் மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்காகக் கிடக்கும் ஏரியையும், அருகிலுள்ள ஆமைக் காப்பகத்தையும், மூக்கா முனையில் 1883இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தையும் பேருந்திலேயே போய்ப் பார்க்க முடிகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் முதலில் நம்புவதில்லை. ஒரு தேசியப் பூங்காவுக்கு நகரப் பேருந்தில் போகும் வாய்ப்பு இந்த நாட்டில் அரிது.

அங்கேயும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பூங்காவில் சில பாதைகள் மழைச் சேதத்தாலோ சீரமைப்பாலோ மூடப்படுவது இயல்பு. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செய்தி பூங்கா வாசலில் மட்டும் இருந்தால், ஜெட்டியில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தவர் அங்கே நின்றுதான் அதைப் படிக்கிறார். பெர்ஹிலித்தான் துறை மூடும் பாதையின் பெயரை, அதே நாளில் 101ஆம் எண் பேருந்தின் அறிவிப்புகளில் சேர்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதாதா? ஜெட்டியிலும் நகர மையமான கொம்தாரிலும் உள்ள பேருந்து நிலையங்களில் ஒரு வரி எழுதி ஒட்டினாலும் போதும். படகில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. அவர்கள் படகில் கடல் கடந்து, ஜெட்டியில் இறங்கி, அங்கேயே பேருந்து மாறுகிறவர்கள்.

தெலுக் பஹாங்கையும் பாலிக் பூலாவையும் இணைக்கும் 501ஆம் எண்ணைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அந்த மேற்குச் சாலையில் தெலுக் பஹாங் வன உல்லாசப் பூங்காவும், தீத்தி கெராவாங் அருவியும், டுரியான் தோட்டங்களும் இருக்கின்றன. டுரியான் பருவத்தில் அந்தப் பேருந்தில் ஏறினால் பயணிகள் என்ன வாங்கித் திரும்புகிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அதன் இடைவெளி நீண்டது என்பதால் நடப்பவர் அதை நம்பித் திட்டமிடத் தயங்குகிறார். பேருந்தைக் கூட்ட முடியாவிட்டாலும், நேரம் தவறாத ஓர் அட்டவணையை நிறுத்தங்களில் எழுதி வைத்தால், அதற்கேற்றபடி நடையைச் சுருக்கியோ நீட்டியோ கொள்வது எங்கள் பாடு.

வனத்துறைக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்படி நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் நுழைய அனுமதி தேவை என்பது நியாயமான விதி. காட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் காணாமல் போனவரைத் தேட முடியும். ஆனால் எந்தப் பாதை காப்பகத்துக்குள் போகிறது, எது அதற்கு வெளியிலேயே முடிகிறது என்பது பாதையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. அனுமதி வேண்டிய பாதைகளின் வரைபடத்தில் பேருந்து எண்களையும் சேர்த்து ஒரே தாளாக வெளியிட்டால், சட்டத்தை மதிக்க விரும்புபவர் அதை எளிதாக மதிக்க முடியும். அந்தத் தாளில் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் குறித்துவிடலாம். மலையில் குளிப்பதும் குப்பை போடுவதும் கீழே நம் வீட்டுக் குழாய்களுக்கு வரும் தண்ணீரில் கலக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மழையைச் சொல்லாமல் பினாங்கு மலைப்பாதைகளைப் பற்றி எழுத முடியாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் தீவு முழுவதும் வெள்ளம் வந்தது; கொடிமலையின் சரிவுகள் பல இடங்களில் சரிந்தன, மலைச் சாலையும் சேதமடைந்தது. செப்டம்பர் தொடங்கி நவம்பர்வரை நமக்கு மழை அதிகமான மாதங்கள் என்பதால், அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்ற தகவல் நாளுக்கு நாள் மாறும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குபவருக்கு இது வெறும் வசதிக்கான செய்தி அன்று. இறங்கும் பாதை மூடப்பட்டிருப்பது பாதி வழியில் தெரிந்தால் அவர் களைத்த கால்களோடு மீண்டும் ஏற வேண்டும், அல்லது மூடிய பாதையிலேயே இறங்கிப் பார்க்கத் துணிவார். இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் செய்வார்கள் என்பது உங்கள் மீட்புப் பணியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பேருந்தில் இன்னும் பலரைக் கொண்டுவந்து காட்டில் இறக்கிவிட்டால் காடு தாங்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. கொடிமலையும், தாவரவியல் பூங்காவும், தேசியப் பூங்காவும் உள்ளடங்கிய 12,481 ஹெக்டேர் பரப்பை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் பெயருக்குப் பின் நமக்குப் பொறுப்பும் கூடியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாலான் கெபுன் பூங்காவில் இருபுறமும் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்தால், கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது தெரியும். அந்தக் கூட்டம் ஒரே வாசலில் நுழைந்து அதே வாசலில் வெளியேறுவதால், ஒரு பாதையின் மண் இரண்டு மடங்கு மிதிபடுகிறது. பேருந்து மக்களைப் பல வாசல்களுக்குப் பிரித்து அனுப்பும். இறங்குபவர்களை வேறு பக்கம் கொண்டுபோகும். மேலும், கார் நிறுத்துமிடத்தை அகலமாக்குவதற்கு மலையடிவாரத்தில் இடம் தேட வேண்டியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கூரையும் ஒரு பலகையும் போதும்.

இதை இப்போதே பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாவரவியல் பூங்காவின் பக்கத்திலிருந்து கொடிமலைக்குக் கேபிள் கார் வரும்போது, ஆயர் ஈத்தாம் ரயிலும் அதுவும் சேர்ந்து மலையின் இரு பக்கங்களையும் உச்சியில் இணைத்துவிடும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது மலையேறிகளின் பழக்கமாக மட்டும் இருக்காது, குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் அப்படியே செய்வார்கள். அவர்கள் காரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபக்கம் இறங்கினால், காரை எடுக்க எப்படித் திரும்புவார்கள்? பூங்காவுக்கும் ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்துக்கும் இடையே நேரடியாக ஒரு வார இறுதிப் பேருந்து ஓடினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்துக்கான இணைப்புப் பேருந்துகளைத் திட்டமிடும் அதிகாரிகளும் இதைக் கருத்தில் கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வார நாள் முழுவதும் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை கொம்தாருக்கு ரயிலில் வந்து மலைக்குப் பேருந்து மாறுவது, அந்தத் தடத்தின் பயனைக் கூட்டும்.

தைப்பூசத்தன்று இதே ஜாலான் கெபுன் பூங்காவில் லட்சக்கணக்கானோர் நடக்க, சாலையை மூடி, வாகனங்களைத் திருப்பி, தண்ணீர்ப் பந்தல்களுக்கு இடம் ஒதுக்கி, துப்புரவுப் பணியாளர்களை அனுப்பி, காவல்துறையையும் மாநகராண்மைக் கழகத்தையும் கோயில் நிர்வாகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்து நீங்கள் வேலை செய்கிறீர்கள். எனவே ஒன்றுகூடித் திட்டமிட உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்கு உழைப்புகூட வேண்டாத வேலை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் ஒரே ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வட்டவாசலில் ஏறி ஆயர் ஈத்தாமில் இறங்கும் தடம். மாநில அரசு ஓர் அலுவலகத்தைப் பொறுப்பாக நியமிக்கட்டும். என் விருப்பம், உச்சியில் இருப்பதால் இரு பக்கத்தையும் பார்க்கும் கொடிமலைக் கழகம் அந்தப் பொறுப்பை ஏற்பது. வட்டவாசல், 84ஆம் எண் கொட்டகை, உச்சி நிலையம், அடிவார நிலையம் ஆகிய நான்கு இடங்களில் பேருந்து எண்ணும் நேரமும் எழுதிய பலகைகளை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வையுங்கள். வார இறுதிகளில் விடியற்காலைப் பேருந்து ஒன்றையும் பூங்காவுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் இடையிலான நேரடிப் பேருந்தையும் மூன்று மாதம் சோதனையாக ஓட்டி, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கைப் பொதுவில் வெளியிடுங்கள். கணக்கு சாதகமாக வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். நாங்கள் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டோம்.

மழை குறைந்த மாதங்களில் சோதனையைத் தொடங்குவது பாதுகாப்பானது. தைப்பூசம் முடிந்து, பந்தல்கள் பிரிக்கப்பட்டு, ஜாலான் கெபுன் பூங்காவில் 10ஆம் எண் பேருந்து வழக்கப்படி ஓடத் தொடங்கும் வாரம் அதற்குப் பொருத்தமாக இருக்கும். பலகைகளின் வாசகத்தைத் தமிழில் எழுதித் தரவும், சோதனை நாள்களில் வட்டவாசலில் நின்று மக்களுக்கு வழி சொல்லவும் எங்களில் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பேருந்தில் வந்து மலையேறும் ஜார்ஜ்டவுன்வாசி ஒருவர்